மேசைப் பாத்திரமேற்பு விளையாட்டுகளில் தவறிய தாக்குதலை விவரித்தல்

மேசைப் பாத்திரமேற்பு விளையாட்டு என்பது நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கதைமாந்தரை ஏற்று, பேச்சின் வழியாகவே ஒரு கதையை நடத்திச் செல்லும் விளையாட்டு ஆகும். அவர்களுள் ஒருவர் ஆட்ட நடத்துநர். கதையின் உலகத்தையும் எதிரிகளையும் இடையில் வந்துபோகும் மற்றவர்களையும் அவரே பேசி உருவாக்குகிறார். ஒரு செயல் பலிக்குமா பலிக்காதா என்ற ஐயம் எழும்போது பகடை உருட்டப்படுகிறது. சண்டைக் காட்சியில் வாள்வீச்சோ அம்போ இலக்கைச் சேராது என்று பகடை சொல்லிவிட்டால், அந்தத் தவறிய தாக்குதல் கதைக்குள் எப்படி நடந்தது என்று யாராவது சொல்ல வேண்டும். ஆட்ட நடத்துநர்கள் பழகிக்கொள்ளும் சிறு கலைகளுள் இது ஒன்று. விதிநூல்கள் வெற்றி பெற்ற அடிக்குப் பல பக்கங்களை ஒதுக்குகின்றன. தவறிய அடிக்கு அவற்றில் கிடைப்பது பெரும்பாலும் ஓரிரு வரிகளே.

எத்தனை தாக்குதல்கள் தவறுகின்றன

இவ்வகை விளையாட்டுகளுள் மிகவும் பரவலாக அறியப்பட்டது டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ். அதன் ஐந்தாம் பதிப்பு 2014இல் வெளிவந்தது. அதில் தாக்குபவர் 20 பக்கப் பகடை ஒன்றை உருட்டி, வரும் எண்ணுடன் தம் திறனுக்குரிய எண்ணைக் கூட்டுகிறார். அந்தக் கூட்டுத்தொகை எதிரியின் கவச எண்ணுக்குச் சமமாகவோ மிகுதியாகவோ இருந்தால் அடி பலிக்கும். குறைந்தால் தவறும்.

முதல் நிலையில் உள்ள ஒரு போர்வீரர் பொதுவாக 5ஐக் கூட்டிக்கொள்வார். அந்த விளையாட்டில் தொடக்கநிலை எதிரியாக அடிக்கடி வரும் கோப்ளின் என்னும் குட்டிப் பூதத்தின் கவச எண் 15. ஆகவே பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். 20இல் 11 எண்கள் பலிக்கும், 9 எண்கள் தவறும். அதாவது தவறும் வாய்ப்பு 45 விழுக்காடு. நான்கு வீரர்கள் மூன்று சுற்றுகள் சண்டையிட்டால் 12 தாக்குதல்கள். அவற்றுள் சராசரியாக ஐந்துக்கு மேல் வீணாகும்.

எனவே தவறுதல் என்பது சண்டையில் எப்போதாவது நேரும் விபத்து அன்று. சண்டையில் ஏறக்குறையப் பாதி அதுதான். தன் முறை வரும்வரை காத்திருந்து, என்ன செய்யலாம் என்று யோசித்து, ஆவலோடு பகடையை உருட்டிய ஒருவருக்கு "தவறிவிட்டது. அடுத்து யார்?" என்ற விடை மட்டுமே கிடைத்தால், அந்தச் சுற்றில் அவர் மேசைக்கு வரவே இல்லை என்பது போல் ஆகிவிடும். இரண்டு மூன்று முறை தொடர்ந்து இப்படி நேர்ந்தால் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஒரு நிமிடம் ஆறு நொடி ஆன கதை

தவறிய தாக்குதல் இன்று வெறுமையாகத் தோன்றுவதற்கு வரலாற்றில் ஒரு காரணம் உண்டு. டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ் 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் ஆகியோரால் அமெரிக்காவில் வெளியிடப்பட்டது. அது சிறு பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டுகளிலிருந்து பிறந்தது. அந்த முதல் பதிப்பில் கவச எண் இன்றைக்கு நேர்மாறாக எண்ணப்பட்டது. கவசமே இல்லாதவருக்கு 9, முழுத் தகட்டுக் கவசமும் கேடயமும் உடையவருக்கு 2. தொடக்கநிலைப் போர்வீரர் முன்னவரை அடிக்க 10ம், பின்னவரை அடிக்க 17ம் உருட்ட வேண்டும். முழுக் கவசம் அணிந்தவர்மீது 20க்கு 16 முறை அடி தவறும் என்பது இதன் பொருள்.

இவ்வளவு தவறினாலும் அது அபத்தமாகத் தோன்றாமல் இருக்கக் கைகாக்ஸ் ஒரு விளக்கம் வைத்திருந்தார். 1979இல் வெளிவந்த ஆட்ட நடத்துநர் வழிகாட்டி நூலில், ஒரு சுற்று என்பது ஒரு முழு நிமிடம் என்று வகுத்தார். அந்த ஒரு நிமிடத்தில் இருவரும் பலமுறை வாள் வீசுகிறார்கள். பொய்வீச்சு காட்டுகிறார்கள், தடுக்கிறார்கள், விலகுகிறார்கள், இடம் மாறுகிறார்கள். பகடை காட்டுவது அவற்றுள் ஒரு வீச்சாவது உறைத்ததா என்பதை மட்டுமே. இந்தக் கணக்கில் 'தவறியது' என்றால் கை வீணாகக் காற்றில் போனது என்று பொருளில்லை. ஒரு நிமிடம் இருவரும் சமமாகப் பொருதினர், யாருக்கும் இடைவெளி கிடைக்கவில்லை என்றே பொருள்.

பிறகு அந்த நேரம் சுருங்கியது. தொடக்கநிலையாளருக்கான பதிப்புகளில் சுற்று 10 நொடி ஆனது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் 6 நொடி ஆகி, ஐந்தாம் பதிப்பிலும் அவ்வாறே தொடர்கிறது. ஒரு பகடை உருட்டல் என்றால் ஒரு வாள்வீச்சு என்ற எண்ணம் இதனால் வேரூன்றியது. பகடையின் வாய்ப்புக் கணக்கு பெரிதாக மாறவில்லை. அந்தக் கணக்கைச் சுமந்து நின்ற கதைதான் மெலிந்துபோனது. பயிற்சி பெற்ற ஒரு வாள்வீரர் எதிரே நிற்கும் பூதத்தை இரண்டு முறைக்கு ஒரு முறை அடிக்கவே முடியாமல் திணறுகிறார் என்பதுபோல் காட்சி மாறியது அப்போதுதான். ஆறு நொடி என்பதும் உண்மையில் குறைந்த நேரம் அன்று. கடிகாரத்தைப் பார்த்து ஆறு எண்ணிப் பார்த்தால், அதற்குள் எத்தனை வீச்சும் தடுப்பும் நடக்க முடியும் என்பது விளங்கும்.

கவச எண்ணுக்குள் இருப்பவை

விவரிப்புக்குத் தேவையான செய்தி பெரும்பாலும் எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. மேலே சொன்ன கோப்ளினின் 15ஐப் பிரித்துப் பார்க்கலாம். எவருக்கும் உரிய அடிப்படை 10, சுறுசுறுப்புக்கு 2, தோல் கவசத்துக்கு 1, கேடயத்துக்கு 2. தாக்குபவரின் கூட்டுத்தொகை 10ஐ எட்டவில்லை என்றால் வீச்சே சரியாக அமையவில்லை. 10 அல்லது 11 என்றால் வீச்சு சரி, பூதம் துள்ளி விலகிவிட்டது. 12 என்றால் தோல் கவசத்தைக் கீறிச் சென்றது. 13, 14 என்றால் கேடயத்தில் மோதியது. இந்த வரிசை விதிநூலில் இல்லை. அது மேசையில் கூடியிருப்பவர்கள் செய்துகொள்ளும் ஏற்பாடு. ஆயினும் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. மூன்றாம் பதிப்பில் கவசத்தையும் கேடயத்தையும் தவிர்த்து, உடலைத் தொடுவதற்கு மட்டும் தேவைப்படும் எண் தனியாக எழுதப்பட்டது. எதிர்பாராமல் தாக்கப்படும்போது சுறுசுறுப்பைக் கழித்த எண்ணும் தனியாக இருந்தது. கவசத்தால் பிழைத்தாரா, விலகியதால் பிழைத்தாரா என்பது அந்த எண்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஒரே கவச எண் இரு வேறு காட்சிகளைத் தர முடியும் என்பதற்கு ஐந்தாம் பதிப்பிலேயே தெளிவான எடுத்துக்காட்டு இருக்கிறது. வளர்ந்த செந்நிற டிராகனின் கவச எண் 19. அதன் சுறுசுறுப்பு சராசரியே. 10க்கு மேலுள்ள ஒன்பதும் செதில்களின் தடிப்பு. கொள்ளிவாய்ப் பிசாசின் கவச எண்ணும் 19தான். அதற்குக் கவசமே கிடையாது. 10க்கு மேலுள்ள ஒன்பதும் சுறுசுறுப்பு. பகடையில் இரண்டுக்கும் கூட்டுத்தொகை 16 வந்தால் இரண்டும் தவறிய தாக்குதல்களே. ஆனால் டிராகன் நகர வேண்டியதில்லை. வாள் அதன் விலாவில் முழு வேகத்தோடு இறங்கி, கல்லில் பட்டதுபோல் அதிர்ந்து, பிடித்த கை மரத்துப்போகும். கொள்ளிவாய்ப் பிசாசிடமோ வாள் எதன்மீதும் படாது. ஒளி இருந்த இடத்தில் இருட்டு இருக்கும், ஒளி தோளுக்குப் பின்னால் மினுக்கும். இரண்டையும் "தவறிவிட்டது" என்ற ஒரே சொல்லால் முடித்துவிட்டால், எதிரியைப் பற்றி வீரர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்று அவர்களுக்குக் கிடைக்காமல் போகும்.

விவரிப்பு அழகுக்கு மட்டும் அன்று என்பது இதிலிருந்து தெரியவரும். எதிரியின் கவச எண்ணைப் பல ஆட்ட நடத்துநர்கள் வெளியே சொல்வதில்லை. "கேடயத்தின் விளிம்பில் பட்டு நழுவியது" என்று கேட்ட வீரர், இன்னும் கொஞ்சம் இருந்தால் பலித்திருக்கும் என்று உணர்கிறார். கேடயத்தைப் பிடுங்கினால் என்ன என்று அடுத்தவருக்குத் தோன்றுகிறது. "செதிலில் கீறல்கூட விழவில்லை" என்று கேட்டவர் வாளை உறையிலிட்டு வேறு வழி தேடுகிறார். தவறிய அடி அடுத்த முடிவுக்கு ஒரு துப்பைத் தருகிறது.

சூழலிலிருந்தும் விடை கிடைக்கும். பாதி மறைவில் நிற்பவருக்குக் கவச எண்ணில் 2 கூடுகிறது, முக்கால் மறைவில் நிற்பவருக்கு 5 கூடுகிறது. அந்தக் கூடுதலால்தான் அம்பு தவறியது என்றால், அது தூணில் தைத்து ஆடிக்கொண்டிருக்கும். 2014ஆம் ஆண்டின் ஆட்ட நடத்துநர் வழிகாட்டியில் இதற்கு விருப்ப விதி ஒன்றும் உண்டு. மறைவு இல்லாதிருந்தால் பலித்திருக்கும் அம்பு, மறைவாக நின்ற பொருளைத் தாக்கியதாகக் கொள்ளலாம் என்கிறது அது.

யாருடைய குறை

தவறியதற்கான காரணத்தை எங்கே வைப்பது என்பதே இந்தக் கலையின் மையக் கேள்வி. தாக்கியவரின் கைத்தவறு, தற்காத்தவரின் திறமை, இடையில் நின்ற பொருள் அல்லது சூழல் ஆகிய மூன்று இடங்களில் அதை வைக்கலாம். பழகாத நடத்துநர்கள் எப்போதும் முதலாவதையே எடுப்பார்கள். வாள் கையிலிருந்து வழுக்கியது, கால் தடுக்கியது, அம்பு மரத்தில் போய்த் தைத்தது என்பார்கள். ஒரு முறை இது சிரிப்பை வரவழைக்கும். ஒரே மாலையில் ஐந்து முறை கேட்டால், தான் விரும்பி உருவாக்கிய வீரர் ஒரு கோமாளி ஆகிவிட்டதை ஆடுபவர் காண்பார்.

தற்காப்பவரை உயர்த்திச் சொன்னால் இந்தச் சிக்கல் எழுவதில்லை. "நீங்கள் தோளைக் குறிவைத்தீர்கள். அவன் அதை எதிர்பார்த்திருந்தான். பல்லைக் கடித்துக்கொண்டு கேடயத்தை உயர்த்தினான், அடியின் வேகத்தில் இரண்டு எட்டுப் பின்வாங்கினான்." பகடையின் முடிவு மாறவில்லை, உயிர்ப் புள்ளி ஒன்றும் குறையவில்லை. ஆயினும் தாக்கியவர் அச்சுறுத்தக்கூடியவராக நிற்கிறார், எதிரியும் மதிக்கத்தக்கவனாக ஆகிறான். பின்னர் அவன் விழும்போது அந்த வெற்றிக்கும் எடை கூடுகிறது.

இதற்கு விலக்கும் உண்டு. 1981இல் வெளிவந்த கால் ஆஃப் கதுலு என்னும் திகில் விளையாட்டில் கதைமாந்தர்கள் பேராசிரியர், செய்தியாளர், நூலகர் போன்ற சாதாரண மனிதர்கள். இருட்டில் ஏதோ ஒன்றைப் பார்த்துக் கை நடுங்கிக் குறி தவறுவது அங்கே பொருத்தமே. அதைச் சொல்லாமல் விடுவதுதான் பிழை.

பகடையில் 1 விழுவதும் இங்கே கவனிக்கத்தக்கது. ஐந்தாம் பதிப்பின் விதிப்படி 1 விழுந்தால் தாக்குதல் தவறும், அவ்வளவே. ஆனால் பல மேசைகளில் வாள் உடைந்தது, நண்பரின் காலில் பட்டது என்று தண்டனை சேர்க்கும் வழக்கம் இருக்கிறது. ரூன்குவெஸ்ட், ரோல்மாஸ்டர் போன்ற பழைய விளையாட்டுகளில் இதற்கெனத் தனி அட்டவணைகளே இருந்தன. இந்த வழக்கத்தின் கணக்கைப் போட்டுப் பார்த்தால் ஒரு முரண் தெரியும். ஒரு சுற்றில் ஒரு முறை தாக்குபவருக்கு 1 விழும் வாய்ப்பு 5 விழுக்காடு. இருபதாம் நிலையை எட்டிய போர்வீரர் ஒரே முறையில் நான்கு தடவை தாக்குகிறார். அவற்றுள் ஒன்றிலாவது 1 விழும் வாய்ப்பு ஏறத்தாழ 18.5 விழுக்காடு. உலகின் தலைசிறந்த வாள்வீரர், வாளை முதன்முதலில் தொட்ட சிறுவனைவிட அடிக்கடி வாளைக் கீழே போடுகிறார் என்று ஆகிறது. வேடிக்கைக்காகச் செய்தாலும் இது நியாயமான விதி அன்று.

விவரிப்பின் எல்லைகள்

அழகாகச் சொல்ல முற்பட்டு விதியை மீறிவிடும் இடங்கள் சில உண்டு. பிணந்தின்னிப் பேய் ஒன்றின் நகம் உடலில் பட்டால் செயலிழப்பு ஏற்படலாம். அதன் தாக்குதல் தவறியதாகப் பகடை சொன்ன பிறகு "நகம் கன்னத்தில் லேசாகக் கீறியது" என்று நடத்துநர் சொன்னால், உடனே ஒருவர் "அப்படியானால் நான் செயலிழந்தேனா?" என்று கேட்பார். கேட்பது சரியே. நஞ்சு தடவிய கத்திக்கும் இது பொருந்தும். தொட்டாலே விளைவு தரும் ஆயுதம் தவறும்போது, அது தோலைத் தொடாமல் போனதாகவே சொல்ல வேண்டும்.

நெருப்பு மந்திரம் தவறித் திரைச்சீலையில் பற்றிக்கொண்டது என்று சொல்வதும் அப்படித்தான். காட்சி நன்றாக இருக்கும். ஆனால் இப்போது அறை எரிகிறது. மந்திரம் போட்டவர் அதைக் கேட்கவில்லை. விளைவு உண்டாக்கும் விவரிப்பை எல்லோரும் ஒப்புக்கொண்ட மேசையில் இது சிறப்பு. மற்ற இடங்களில் இது மறைமுகத் தண்டனை ஆகிவிடும்.

அவசரமும் ஆபத்து. ஐந்தாம் பதிப்பில் அடி பலித்ததாக அறிந்த பிறகும் மந்திரவாதி ஒருவர் கேடய மந்திரத்தைச் சொல்லித் தம் கவச எண்ணில் 5ஐக் கூட்டிக்கொள்ளலாம். பலித்த அடி அந்த நொடியில் தவறியதாக மாறிவிடும். "ஈட்டி வயிற்றில் பாய்கிறது" என்று முன்கூட்டியே முழங்கிவிட்ட நடத்துநர் ஈட்டியைத் திரும்ப உருவ வேண்டியிருக்கும். யாராவது குறுக்கிட இருக்கிறார்களா என்று ஒரு கணம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பேசுவது நல்லது.

அளவும் வேண்டும். ஒவ்வொரு தவறலுக்கும் நான்கு வாக்கியம் என்றால் சண்டை நகராது. பெரும்பாலும் ஒரு வாக்கியம் போதும், சில வேளை ஒரு வினைச்சொல்லே போதும்: விலகினான், தடுத்தான், நழுவியது, சிராய்த்தது. நெருக்கடியான கணத்தில் தவறிய அடிக்கு மட்டும் நின்று நிதானமாகச் சொல்லலாம். சில மேசைகளில் தாக்கியவரிடமே "எப்படித் தவறியது?" என்று கேட்டுவிடுகிறார்கள். இதில் ஒரு நன்மை உண்டு. தன் கதைமாந்தரைச் சிரிப்புக்கு உரியவராகக் காட்டுவதா வேண்டாமா என்பதை அவரை உருவாக்கியவரே முடிவு செய்கிறார். கூச்ச சுபாவம் உள்ளவர்களிடம் இதைக் கட்டாயப்படுத்துவது மட்டும் பலன் தராது.

விதியே விவரிக்கும் விளையாட்டுகள்

இந்தப் பொறுப்பை நடத்துநரின் நாவுக்கு விடாமல், விதிகளுக்குள்ளேயே கொண்டுவந்த விளையாட்டுகளும் இருக்கின்றன. 1978இல் வந்த ரூன்குவெஸ்ட்டில் தாக்குபவர் உருட்டியபின் தற்காப்பவரும் தடுப்பதற்கு உருட்டுகிறார். 1986இல் வந்த கர்ப்ஸ் விளையாட்டில் சரியாக அமைந்த தாக்குதலை எதிர்கொள்பவர் விலகுவதா, ஆயுதத்தால் தடுப்பதா, கேடயத்தால் தடுப்பதா என்று தேர்ந்தெடுத்து உருட்ட வேண்டும். அடி ஏன் படவில்லை என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. பகடைகள் அதற்கு ஏற்கெனவே விடை சொல்லிவிடுகின்றன. இதற்கு விலையாக ஒவ்வொரு அடிக்கும் இரண்டு உருட்டல்கள், நீண்ட சண்டைகள்.

2010இல் வெளிவந்த அபோகலிப்ஸ் வேர்ல்டு வேறு வழியில் சென்றது. அதில் இரண்டு ஆறுபக்கப் பகடைகள் உருட்டப்படுகின்றன. 10 அல்லது அதற்கு மேல் முழு வெற்றி. 7 முதல் 9 வரை விலை கொடுத்துப் பெறும் வெற்றி. 6 அல்லது அதற்குக் கீழ் என்றால் நடத்துநர் கதையில் ஒரு புதிய இடரைக் கொண்டுவருகிறார். எதுவுமே நடக்கவில்லை என்ற விடைக்கு அங்கே இடமில்லை. கூடுதல் எண் ஏதும் இல்லாதவருக்கு 36இல் 15 வாய்ப்பு இந்தக் கடைசி வகையில் விழுகிறது. ஏறத்தாழ 42 விழுக்காடு என்பது கோப்ளினை அடிக்கத் தவறும் வாய்ப்புக்கு மிக நெருக்கம். ஆனால் மேசையில் அது தரும் உணர்வு முற்றிலும் வேறு.

தவறிய அடியும் கொஞ்சம் வலிக்கட்டும் என்று முடிவு செய்தவர்களும் உண்டு. 2013இல் வந்த தர்டீன்த் ஏஜ் விளையாட்டில் பல தாக்குதல்கள் தவறினாலும், தாக்கியவரின் நிலைக்கு ஏற்ற சிறு சேதத்தைத் தருகின்றன. டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸின் 2024ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சில கனமான ஆயுதங்களுக்கு இதே போன்ற தன்மை சேர்க்கப்பட்டது.

2014இல் கிறிஸ் மெக்டவால் வெளியிட்ட இன்டு தி ஆட் என்ற சிறிய விளையாட்டு தவறுதலையே நீக்கிவிட்டது. அதில் தாக்கினால் தாக்கியதுதான். நேராகச் சேதத்துக்கே பகடை உருட்டப்படுகிறது. ஆனால் அதில் முதலில் குறையும் புள்ளிகள் உடலின் நலத்தைக் குறிப்பவை அல்ல. அடிபடாமல் தப்பும் ஆற்றலைக் குறிப்பவை. அவை தீரும்வரை ஒவ்வொரு சேதத்தையும் மயிரிழையில் தப்பியதாகவும், மூச்சு வாங்கியதாகவும், சுவரோடு ஒட்டி நின்றதாகவும்தான் சொல்ல வேண்டும். தவறாத தாக்குதலைத் தவறியதுபோல் விவரிக்கும் வேலை அங்கே நடத்துநருக்கு வந்து சேர்கிறது.